குறை காணும் கண்

அருள்ஜோதிக்கு வேலை போனது மே மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்துமூன்று வருடம் ஒரே பிரிவில் இருந்தவர் அவர். நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, அரிசி மணியைவிடச் சிறிய பாகங்களில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்து, குறை உள்ளதை ஒதுக்கித் தள்ளுவதுதான் அவர் வேலை. அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றப் போவதாகக் காலை பத்து மணிக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு நுழைவு அட்டையைக் கொடுத்துவிட்டு அவர் வாசலில் நின்றார். வயது ஐம்பத்தொன்று.

கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார் கணவர் ஜெரார்ட், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அருள்ஜோதி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று மாலையே புக்கிட் பாஞ்சாங் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். கடைசியாக அப்படி ஒன்றை எழுதியபோது மகள் ரெனீ பிறந்திருக்கவில்லை. இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கும் ரெனீதான் அதைத் திருத்திக் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள்.

ஐந்து மாதத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. ஒன்பது நேர்காணல்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு இடத்தில், சின்ன வயதுக்காரர்களோடு ஒத்துப் போவீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். இன்னோர் இடத்தில், இத்தனை வருடம் ஏன் ஒரே வேலையில் இருந்தீர்கள் என்றார்கள். திரும்பி வரும் ரயிலில்தான் அதற்கு மூன்று நல்ல பதில்கள் தோன்றின. அவற்றை வீட்டுக்கு வந்து எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நேர்காணலுக்குப் போனார். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

தீபாவளி நெருங்கியபோது சிராங்கூன் ரோட்டில் கோவிந்தராசு என்பவருடைய பட்டுக்கடையில் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். அருள்ஜோதி சேர்ந்துகொண்டார். நாள் முழுக்கப் புடவையை விரிப்பதும் மடிப்பதும்தான் வேலை. இரண்டாவது வாரம், அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பரிசுப் புடவை எடுக்க ஆயிஷா என்ற பெண்மணி வந்தார். வெகுநேரம் பார்த்துக் கடைசியில் மயில்நீலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதை மடிக்கும்போது அருள்ஜோதியின் கை நின்றுவிட்டது.

“இத எடுக்காதீங்கம்மா. கரைப் பக்கத்துல ரெண்டு இழை விட்டிருக்கு. நாலு தடவ கட்டினா பிரிஞ்சிடும்.”

ஆயிஷா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் வந்து பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தவர் முகம் சுருங்கிப்போய், உள்ளே சென்று வேறு புடவை எடுத்து வந்தார். ஆயிஷா அதை வாங்கிக்கொண்டார், ஆனால் கிளம்பவில்லை. இப்படிப் பார்க்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அருள்ஜோதி தொழிற்சாலைக் கதையைச் சொன்னார். ஆயிஷா ஒரு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர்.

“எங்க டிபார்ட்மெண்ட்ல ஆள் தேடறோம் லா. ஒவ்வொரு கத்தி, கத்தரிக்கோலையும் லென்ஸ் வச்சுப் பாக்கணும். அப்ளை பண்ணுங்க. ஆனா நான் சொன்னேன்னு பாஸ் போட மாட்டாங்க, டெஸ்ட் இருக்கு.”

அருள்ஜோதி அன்றைக்கே விண்ணப்பித்தார். நவம்பரில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். முந்நூறு கருவிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலவற்றுக்கு நுனி வளைவில் மட்டுமே வித்தியாசம். முதல் தேர்வில் அவர் தேறவில்லை. கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, பெயர்தான் வாயில் வரவில்லை. இன்னொரு முறை தவறினால் பயிற்சி அத்தோடு முடிந்துவிடும்.

ஆயிஷாவிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்ததும் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தார். ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து, கனத்தையும் நுனியையும் தடவிப் பார்த்துப் பெயரைச் சொன்னார். எல்ஆர்டி ரயிலில் முணுமுணுத்தார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் பிரசங்கத்தின் நடுவே உதடு அசைந்ததை ரெனீ பார்த்துவிட்டாள். அடுத்த முறை நான்கே பெயர்கள்தான் தவறின, தேறிவிட்டார்.

மார்ச்சில் ஒரு காலை, எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய கருவித் தட்டு அவர் மேசைக்கு வந்தது. ஓர் இடுக்கியின் இணைப்பில் ஏதோ நிழலடித்தது. அவர் தட்டை நிறுத்தி வைத்தார். மறுபடி கழுவி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அறுவைக் கூடத்திலிருந்து இரண்டு தடவை தொலைபேசி வந்துவிட்டது. இயந்திரம் சுத்தம் என்று பதிவு செய்திருக்கிறதே, அனுப்பிவிடுங்கள் என்றார் அங்கே பதினைந்து வருடமாக இருக்கும் வடிவேலு.

“மெஷின் சொல்றது இருக்கட்டும் அண்ணே. எனக்குத் தெரியுது. நான் சைன் பண்ண மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஆயிஷாவைக் கூப்பிட்டார். இன்னும் பயிற்சிக் காலம் முடியவில்லை. தவறாகச் சொல்லியிருந்தால் மறுபடியும் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஆயிஷா வந்து வேறொரு தட்டை அறுவைக் கூடத்துக்கு அனுப்பச் செய்து, இடுக்கியின் இணைப்பைப் பிரித்து லென்ஸின் கீழே வைத்தார். ஊசிமுனை அளவு உறைந்த ரத்தம். ஆயிஷா உடனே அந்தச் சுற்றில் கழுவிய அத்தனையையும் திரும்பப் பார்க்கச் சொன்னார். அதேபோல் ரத்தம் ஒட்டிய கருவிகள் மேலும் இரண்டு கிடைத்தன. கழுவும் இயந்திரத்தில் நீர் பீய்ச்சும் துளை ஒன்று அடைத்திருந்தது. வடிவேலு தாமே ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, இடுக்கியில் இருந்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விளக்கமாகக் கேட்டார்.

மே மாதம் வேலை நிரந்தரமானதாகக் கடிதம் வந்தது. சம்பளம் தொழிற்சாலையில் வாங்கியதைவிடக் குறைவு. நாள் முழுக்க நிற்பதால் சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. கடிதம் வந்த அதே வாரம், அடுத்த நிலைச் சான்றிதழ் வகுப்புக்கு ரெனீயிடம் பெயர் பதியச் சொன்னார். இப்பத்தானேம்மா முடிச்சீங்க, கொஞ்சம் மூச்சு விடுங்க என்றாள் மகள்.

“இன்னும் பன்னண்டு வருஷம் வேலை பாக்கப் போறேன். அதுவரைக்கும் கடைசி கிரேடுலயே இருக்கச் சொல்றியா? பதிஞ்சு குடு.”

ரெனீ பதிந்து கொடுத்தாள். வகுப்பு வியாழக்கிழமைகளில், வேலை முடிந்த பிறகு. முதல் வியாழன் அருள்ஜோதி முன்வரிசையில் உட்கார்ந்தார்.