ஆடி மாதத்துப் புண்

ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே, பள்ளியில் பயிற்சி வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகச் சேலம் போய் மருக்களைச் சுட்டுக்கொண்டு வந்தேன். கல்யாணமான சில மாதங்களில் பிறப்புறுப்பில் கைக்குத் தட்டுப்பட்ட மருக்கள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். புண் ஆறும்வரை புருஷனை விட்டு ஏன் விலகிப் படுக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகவே ஆடி பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தோல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கரண்ட் ஊசியால் ஒவ்வொன்றாகச் சுட்டார். நர்ஸ் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொசுங்கும் நாற்றம் வந்தது. அது என் சதை என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா. அவரைப் பாக்காம விட்டா சரிப்படாது" என்றார் டாக்டர்.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா உள்ளயே இருந்துட்டுக்கூட வெளிய வரும்."

அந்தப் பதில் எனக்கு உதவவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஹாஸ்டலில் தங்கி டிகிரி முடித்தவள். பென்னாகரத்துப் பக்கம் எங்கள் தெருவில் யார் மாத்திரை வாங்கி வந்தாலும் எதை எப்போது போடுவது என்று என்னிடம்தான் கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் ஊர் என் கணவரைப் பார்க்காது. ஹாஸ்டலைத்தான் பார்க்கும்.

அம்மாவிடம் சூட்டுக் கட்டி என்றேன்.

"நாளெல்லாம் பசங்க முன்னாடி நின்னு கத்துனா சூடு ஏறாம என்ன பண்ணும்? காட்டு பாப்பா, வெளக்கெண்ண தடவி உடறேன்."

"வேணாம்மா."

"பெத்தவகிட்ட என்னடி வெக்கம்? படிச்சவளுக்கு மட்டும் அது தங்கத்துலயா இருக்குது?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் புண் இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்தது.

சிறுநீர் கழிப்பதுதான் பெரும் கொடுமையாக இருந்தது. சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். டப்பில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றி உட்காரும்போதுதான் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். கசிவு பாவாடையில் ஒட்டிக் காய்ந்து, எழுந்தால் பிய்த்துக்கொண்டு வரும். கதவைத் தாழிட்டுக் கைக்கண்ணாடியில் பார்த்தேன். கருகிய பொருக்குகள். ஒன்று உதிர்ந்தால் அந்த இடத்தில் புதிதாக எதுவும் முளைக்கிறதா என்று மறுபடி பார்ப்பேன். பள்ளிக்குப் போன பிறகும் வகுப்பில் நாற்காலி பக்கம் போகவில்லை. கணக்கு டீச்சர் உட்காரவே மாட்டார் என்று பிள்ளைகள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு அவர் அரூரிலிருந்து வந்தார். அங்கே அவருக்கு உரக்கடை. பைக்கில் இருவரும் ஒகேனக்கல் போய், ஆற்றில் தலை முழுகித் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. வெளியே கோழி வறுபடும் சத்தம். உள்ளறையில் அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "என்ன டீச்சர், வந்தவன வாங்கன்னு கூடச் சொல்ல மாட்டீங்களா?" என்றார்.

குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டுங்க."

"ஹாஸ்டல்ல இருந்தவ நீ. நான் கடைய உட்டா வூடு, வூட்ட உட்டா கடை."

இந்த வார்த்தை வரும் என்று தெரிந்து பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"யார்கிட்டருந்து வந்துச்சுன்னு நான் உங்களக் கேக்கல. நீங்களும் என்னைக் கேக்க வேணாம். வந்து காட்டுங்க, அது போதும்."

"எவனோ ஒருத்தன் முன்னாடி அவுத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"என்னைப் பாத்தவரும் ஆம்பளதாங்க. நான் படுத்துக் காட்டுனேன்."

"மாப்ள, எலை போட்டாச்சுங்க" என்று அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் கூட்டமாக இருக்கும், வேண்டாங்க அத்தை என்றார். வீட்டிலேயே அம்மா எனக்குப் புதுக்கயிறு கட்டினாள். அவர் வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு போனில் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை. ஆவணி பிறந்ததும் என்னை அழைத்துப் போக வந்தார். அம்மா புதுப்புடவை வைத்து வழியனுப்பினாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அரூர் பஸ் நின்றிருந்தது. நான் அதை நோக்கி நடக்கவில்லை.

"சேலம் போயிட்டுத்தான் அரூர். இல்லன்னா எங்கம்மா வூட்டுக்கே திரும்பிப் போறேன்" என்றேன்.

"நாலு பேரு பாக்கறாங்க. கத்தாத."

"நான் கத்தலைங்க."

பையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக அவரைப் பார்க்கக் கூடாது என்று முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வராவிட்டால் இறங்கி ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வேன்? படித்த எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. பஸ் நகர்ந்த பிறகு பின்படியில் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சேலத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டார்.

தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரிகள் ஊர்ந்து போக, பஸ் நின்று நின்று போனது.

"மரத்துப் போறதுக்கு ஊசி கீசி போடுவாங்களா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

தனக்கு ஒன்றும் இல்லை என்றவர் கேட்கிற கேள்வி அது. தனக்கும் இருப்பது தெரிந்தேதான் அன்றைக்கு ஹாஸ்டலைச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்குள் எனக்கு வேர்த்துப் போனது. கத்தியிருந்தால் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள்.

"போடுவாங்க. அந்த ஊசிதான் ரொம்ப வலிக்கும்" என்றேன்.

அது உண்மைதான். ஆனாலும், அது கொஞ்ச நேரம்தான் என்று சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.