நான் வாங்காத வீட்டில் றெஜினா

செய்தி வந்தபோது எங்கள் தொடர்மாடியின் நிலவறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மாடி முழுவதுக்கும் ஒரே மெஷின்; இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிற என் முறை. கணவர் படியிறங்கி வந்து, மெஷின் சத்தத்துக்கு மேலாகச் சொன்னார்: "றெஜினா போயிட்டாவாம். காலமை, வீட்டிலை வைச்சே ஹாட் அற்றாக்காம்." அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவிலும் ஒரு நினைப்பு வந்தது: சாவிலும் கொடுத்துவைத்தவள், சொந்த வீட்டில் போயிருக்கிறாள்.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவள் கணவர் அன்ரன் கேட்டார். "நல்லதாய் நாலு வரி எழுதுங்கோ அக்கா." எழுத நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் றெஜியைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் என்னையும் தெரிந்தவர்கள். நான் அவள்மீது வயிறெரிந்த கதை இந்தச் சுவிஸில் ஆராவ் நகரத்துத் தமிழ்க்கடை வரைக்கும் போன கதை. அதை மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அந்த வீட்டை முதலில் என்னிடம்தான் கேட்டார்கள். நானும் றெஜியும் ஒரே முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தோம். அங்கே வந்து சேர்ந்த ஒரு சுவிஸ் அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆராவிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில், ஒரு பழங்காலக் கிராமத்தில் அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது. கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த என்னிடம், வாங்குகிறாயா என்று கேட்டார். றெஜியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். தடித்த கல்சுவர், வாசல் நிலையில் யாரோ எப்போதோ செதுக்கிய ஆண்டு, எதிரே கல்தொட்டியில் ஓயாமல் விழும் தண்ணீர். எது சாமியறை என்றுகூட மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது ஊரில், இலங்கையில், சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "அடுத்த வரியம் ஊருக்குப் போற ஆக்களுக்கு இஞ்சை வீடு என்னத்துக்கு?" என்றார் என் கணவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. நாங்கள் வாங்கவில்லை என்று மறுநாள் கோப்பி நேரத்தில் றெஜியிடம் சொன்னேன்.

"அப்ப நான் கேக்கட்டோ?" என்றாள்.

"கேளன். ஆனா நீயும் ஊருக்குப் போறதுதானே?"

"போகேக்கை பூட்டிப்போட்டுப் போவன். பூட்டிறதுக்கும் ஒரு கதவு வேணுமெல்லோ."

சமாதானப் பேச்சு முறிந்தது. மறுபடி சண்டை தொடங்கி, ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டது. அதற்குள் றெஜி அந்த வீட்டில் குடிபுகுந்துவிட்டாள். என் சாமியறையில் அவளுடைய மாதா சொரூபம் இருந்தது.

யன்னல்களின் வெளிக்கதவுகளுக்கு மன்னார்க் கடலின் நீலத்தைப் பூச அவளுக்கு ஆசை. பழைய ஊர், பச்சையைத் தவிர வேறு நிறம் கூடாது என்று ஊர்ச்சபை மறுத்துவிட்டது. உள்ளூர எனக்கு மகிழ்ச்சி. "காசு குடுத்து வாங்கியும் உன்ரை விருப்பத்துக்கு ஒண்டும் இல்லை" என்றேன். அவள் பச்சைப் பெயின்ற்றைத் தொட்டுத் தொட்டுப் பூசியபடி சொன்னாள்: "உள்வீடு எனக்கு, வெளிப்பக்கம் ஊருக்கு. எனக்கெண்டு ஒரு ஊர் இருக்கிறபடியாத்தானே கமலா, அது கூடாது இது கூடாது எண்டு சொல்லுது." உள்ளே சமையலறை முழுக்க நீலம். அன்றைக்கு அவள் வீட்டைவிட அந்தப் பேச்சுத்தான் என்னைக் கூடுதலாக எரித்தது.

என் தோய்ப்பு முறையைப் பற்றி நான் புலம்பியதைக் கேட்டு, சனிக்கிழமைகளில் உடுப்பைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். பெரிய பையோடு பஸ் ஏறிப் போவேன். அவள் மெஷினில் தோய்த்து, அவள் வளவுக் கொடியில் காயப்போட்டு, அவள் போட்ட தேத்தண்ணியைக் குடிப்பேன். பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அப்பிள் கொடுப்பாள். ஆராவில் என் மாடியில் குடியிருப்பவர்களுக்கு என் பெயரே தெரியாது. புல் வாசம் வீசுகிற உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, வழிநெடுக அவளை மனதுக்குள் திட்டியபடி திரும்பி வருவேன்.

ஒருநாள் அடக்க முடியாமல் அவளிடமே சொல்லிவிட்டேன். "உன்னைப் பாக்க எனக்கு எரியுது றெஜி."

அவள் ஈர உடுப்பை உதறிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "எரியட்டும். அதுக்காக வராமல் விட்டிடாதை."

அவளை அந்த ஊர்ச் சேமக்காலையிலேயே, பழைய சுவிஸ் கல்லறைகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கோயில் மணி நெடுநேரம் அடித்தது. பக்கத்து வீட்டுக் கிழவி கறுப்பு உடுப்பில் கோயிலின் முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் விக்கி விக்கி அழுதேன். எனக்கு எந்த ஊர் மணி அடிக்கப்போகிறது என்றும் அழுதேன்.

போன சனிக்கிழமை யோசியாமலே உடுப்பைப் பையில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் நினைவு வந்தது. அன்ரன் வேலைக்குப் போயிருந்தார். கதவு பூட்டியிருந்தது. கல்தொட்டி விளிம்பில் பையை வைத்துவிட்டு, அவள் பூசிய பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது எனக்கு வந்த வீடு என்று அப்போதும் எரிந்தது. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த எரிச்சல் ஒன்றுதான். அது ஆறிப்போனால் றெஜியும் போய்விடுவாள். ஆறவிடமாட்டேன்.