ஆணியில் தொங்கிய பேட்ஜ்

ஃபிஜித் தீவின் லவுத்தோக்கா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த அப்பல்சாமியின் மீசையில் இரண்டு எலுமிச்சம்பழங்களை நிறுத்தலாம். நிறுத்திப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நமாகாவில் அவர் கனைத்தால் சபேட்டோவில் மாடுகள் எழுந்து நிற்கும் என்பதையும் தாராளமாக நம்பலாம். ஆனால் கேட்டுச் சாவி விஷயத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. அதற்குக் கூட்டல் தேவையில்லை.

ஆட்ட நாட்களில் எங்கள் மாமரத்தடி மைதானத்தின் பின்கேட்டுக்கு அவர்தான் காவல். சம்பளம் கிடையாது, பந்தாட்டப் பைத்தியம்தான் காரணம். ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கரும்பு நசுக்கும் உருளைக்குள் பழுது பார்க்க இறங்குகிற ஃபிட்டர், யாரும் அதை ஓட்டிவிடாதபடி சுவிட்சுச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அது தொங்கிய ஆணியில் தன் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போவார். சாவி யாரிடம் என்று வில்லை சொல்லும். என்ன நடந்தாலும் அந்த நம்பர்க்காரர் பொறுப்பு. அப்பல்சாமி இந்த வழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். தன் பொருள் ஒன்றை ஆணியில் மாட்டாமல் யாரும் கேட்டுச் சாவியைத் தொட முடியாது. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விசிலையும் தொப்பியையும் மாட்டினார்கள்.

1988 தொடக்கம். முந்தின வருஷம் ராணுவம் இரண்டு முறை ஆட்சியைப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்குத் தடை. ஆகவே இரண்டு நாள் ஆட்டங்களை ஒரே சனிக்கிழமைக்குள் திணித்தார்கள். இரண்டு நாள் கூட்டமும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. டிக்கெட் இல்லாமல் பின்கேட்டு வழியாக நுழைகிறார்கள் என்று கமிட்டித் தலைவர் சதேந்திரா கோபமாக வந்து, பூட்டப்போகிறேன், சாவியைக் கொடு என்றார். ஆட்டம் நடக்கும்போது பூட்டக் கூடாது என்று அப்பல்சாமி சொல்லிப் பார்த்தார். தலைவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அப்பல்சாமி ஆணியைக் காட்டினார். சதேந்திரா சட்டையிலிருந்த தலைவர் பேட்ஜைக் கழற்றி மாட்டிவிட்டு, கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

கடைசி ஆட்டத்தின்போது ராணுவ லாரி ஒன்று சாலையோடு போனது. அதன் புகைக்குழாய் வெடித்த சத்தம் கேட்டு, சுடுகிறார்கள் என்று சனம் பின்கேட்டை நோக்கி ஓடியது. அப்பல்சாமி கல்லால் அடித்துப் பூட்டை உடைப்பதற்குள் நான்கு பேர் நசுங்கி இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, சபேட்டோ கரும்புத் தோட்டக்காரர் பல்ராமின் மகள் ரஷ்மி.

துக்கம் கேட்கப் போன அப்பல்சாமியைப் பல்ராம் வாசலிலேயே நிறுத்தினார். "கேட்டு ஒங்களுதுதானே அண்ணே," என்றார். காவலாளிதான் பூட்டினான் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. யார் பரப்பினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

விசாரணை ஒரு திங்கட்கிழமை என்று அறிவித்தார்கள். நியூசிலாந்தில் குடியேறவிருந்த அப்பல்சாமிக்கும் மனைவி சரோஜுக்கும் ஆக்லாந்து விமானம் அதற்கு முந்தின வியாழன். சனிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் விசா செத்துவிடும். மறுபடி கிடைக்கும் என்று அந்த நாளில் யாரும் கனவுகூடக் கண்டதில்லை. கட்டில், பாத்திரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. புதன்கிழமை சதேந்திரா பலகாரத் தட்டோடு வழியனுப்ப வந்தார்.

"நிம்மதியாப் போயிட்டு வா அப்பல்சாமி. போனவன் பேர்ல நாலு வரி எழுதி மூடிடுவாங்க. அங்க வந்து ஒன்னை யாரு கேக்கப்போறா?"

"பல்ராம் இங்கதானே இருக்காரு," என்றார் அப்பல்சாமி. தட்டைத் தொடவில்லை.

சதேந்திரா போனதும் அப்பல்சாமி பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். சரோஜ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "அம்மியப் பக்கத்து வீட்டு ஆஷாக்குக் குடுத்துட்டேன். இனிமே சட்னிய ஒங்க பல்லுலதான் அரைக்கணும்," என்றாள். சொல்லிவிட்டு, விசாரணைக்குப் போட அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்தாள். மறுநாள் அவர்கள் விமானம் அவர்கள் கூரைக்கு மேலேயே போனது. இரண்டு சீட்டு காலியாகப் போகிறது, யாராவது கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகட்டும் என்றாளாம்.

விசாரணையில் அப்பல்சாமி பேட்ஜை மேசைமேல் வைத்தார். அது கூட்டத்தில் விழுந்துவிட்டது, எவனோ பொறுக்கியிருக்கிறான் என்றார் சதேந்திரா. விசாரித்த மாஜிஸ்திரேட், இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அப்பல்சாமி இந்தியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"பூட்டுனது அவரு. பூட்டக் கூடாதுன்னு தெரிஞ்சே சாவியக் குடுத்தது நானு. ரெண்டு பேரையும் எழுதுங்க."

என் பேரையும் எழுது என்று கேட்கிற ஆளை மாஜிஸ்திரேட் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை தலைவருக்குப் பயந்து குனிந்திருந்த பந்தாட்ட நடுவர் யோகேந்திரா பின்வரிசையில் எழுந்து, அந்த ஆணியில் என் விசிலும் தொங்கியிருக்கிறது, அன்றைக்குப் பேட்ஜ் தொங்கியதை நான் பார்த்தேன் என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் எழுந்தார்கள்.

தீர்ப்பில் பொறுப்பாளிகளாக இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர்க்காரர் அது வாசிக்கப்படுவதற்கு முன்பே வான்கூவர் போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டாவது பெயர்க்காரர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

மைதானத்தை மறுபடி திறந்தபோது கேட்டுக்கு அவரையே கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிகிறவரை எந்தக் கேட்டிலும் பூட்டுத் தொங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். எல்லாப் பூட்டுகளின் சாவியையும் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, ஆணியில் தன் பித்தளை வில்லையை மாட்டினார். நம்பர் 614.

முதல் சனிக்கிழமை பல்ராம் வந்தார். முன்கேட்டில் வரிசை குறைவு. ஆனாலும் பின்கேட்டுக்கே சுற்றி வந்தார். ஆணியைப் பார்த்தார்.

"இது யாரு வில்லை?"

"என்னுது."

பல்ராம் டிக்கெட்டை நீட்டினார். அப்பல்சாமி கிழித்துக் கொடுத்தார். திறந்து கிடந்த கேட்டு வழியாகப் பல்ராம் உள்ளே போனார்.