செவ்வாய்க்கிழமைப் பாய்கள்

கடல் ஊருக்குள் வந்த அன்று, பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டுக் கூரைமரம் என் இடுப்பில் விழுந்தது. எலும்பு பொருந்திவிட்டது, நோவு போகவில்லை. நான் தையற்காரி. மெசினை மிதிக்கத் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் இடுப்பிலிருந்து தொடைவரை இழுக்கும். மூன்று வருடம் குளிசையே கதியென்று இருந்ததில் வயிறும் புண்ணாகிவிட்டது. இனிக் குளிசை தரமாட்டேன் என்ற டாக்டர், ஓட்டமாவடியில் தீராத நோவுக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் நடந்த ஒரு வகுப்புக்கு என்னை அனுப்பினார்.

ஒரு மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் படுத்திருப்போம். நடத்தியவள் ஓர் ஆஸ்பத்திரித் தாதி, என்னைவிட இளைய முஸ்லிம் பெண்.

"மூச்சைக் கவனிங்க. பிறகு நோவுக்குக் கிட்டப் போங்க. துரத்தாதீங்க, சும்மா பாருங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "மூணு வருசமா அதைத்தானே தங்கச்சி பாத்துக்கொண்டிரிக்கன்!"

"இல்லக்கா, நீங்க பாக்கல்ல. பயந்து ஓடிக்கொண்டிரிக்கீங்க."

பக்கத்துப் பாயில், முதுகில் ஷெல் துண்டு பட்ட ஒருவர் படுப்பார். வாவியில் வலை வீசுகிறவர். மூச்சைக் கவனிக்கச் சொன்ன இரண்டாம் நிமிடமே குறட்டை விடுவார். வீட்டில் நோவு தூங்க விடுவதில்லையாம்.

ஆறேழு வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வெயிலில் நீண்ட வரிசை. இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார இடமில்லை. வேறு வழியில்லாமல் அவள் சொன்னபடி மூச்சோடு நோவுக்குக் கிட்டப் போனேன். அங்கே இருந்தது ஒரே நோவல்ல. எலும்பருகே ஓர் எரிவு. தொடையில் ஓர் இழுவை. இரண்டையும்விடப் பெரிதாக, இப்போது விழப்போகிறேன் என்ற பயம். எரிவு கூடிக் குறைந்தது. இழுவை அப்படியே இருந்தது. பயம் மட்டும், பார்க்கப் பார்க்கத் தளர்ந்தது. வரிசை முடியும்வரை நின்றேன்.

அடுத்த செவ்வாய் அதைச் சொன்னபோது தாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்க அக்கா" என்றார் பக்கத்துப் பாய்க்காரர்.

"ஓம், நீங்க முழிச்சிருந்தாச் சொல்லித்தாறன்."

மண்டபமே சிரித்தது.

யுத்தம் முடிந்த வருடம், வகுப்புக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தார் ஊரைவிட்டுப் போனார்கள்; வகுப்பும் நின்றுபோனது. நோவு இன்றும் வருகிறது. ஒரு சட்டை தைத்ததும் எழும்பி நின்று, கொஞ்சம் மூச்சைக் கவனித்துவிட்டு மறுபடி உட்காருவேன். குளிசையில்லாமல் வேலை நடக்கிறது. ஆனாலும் அந்த மண்டபத்தின் சீமெந்துக் குளிர்ச்சிக்கும் பக்கத்துக் குறட்டைக்கும் மனம் ஏங்கும்.

வகுப்பின் கடைசி நாளில் தாதி, "முடிஞ்சிது, எழும்புங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ஒருவரும் எழும்பவில்லை. அவளும் ஒரு பாயை இழுத்துப் போட்டு எங்களோடு படுத்துக்கொண்டாள்.