அட்டையால் ஆன பேச்சுமேசை

நெகிழிக்கு மாற்று எது என்ற தலைப்பில் ஊரப்பாக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று பேச்சுப்போட்டி நடத்தியது. முதலிடம் பெறுபவருக்கு மட்டுமே மாவட்டப் போட்டியில் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். அட்டைப்பெட்டியே மாற்று என்று வாதிட முடிவு செய்தேன். என் முன் நிற்கும் பேச்சுமேசையையும் அட்டையாலேயே செய்யத் துணிந்தேன். சான்று கண்முன்னே நிற்கும்போது மறுப்பவர் யார்?

தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியை என் நண்பன் கேட்டு வாங்கினான். அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் செங்குத்தாக நிற்குமாறு மடித்தோம். தண்ணீர் கேனை ஏற்றிப் பார்த்தோம், அசையவில்லை. அத்துடன் விட்டிருக்கலாம்.

போட்டியன்று அவன் மேசையுடன் முன்னதாகவே போய்விட்டான். நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேசையின் நாற்புறமும் நீலத்தாள் மின்னியது. தொட்டேன், ஒரே ஈரம்.

“இன்னாடா இது?”

“மைதா பசை மச்சான். ஒரு பக்கெட் காய்ச்சினேன். மேடைன்னா ஒரு கெத்து வேணாமா?”

“அட்டைன்னு தெரியணும்டா! அதுக்குத்தானே இவ்ளோ பாடு!”

“நீ சொல்லு, நம்புவாங்க. நீதான் பெரிய பேச்சாளராச்சே.”

பதில் சொல்வதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள்.

உயரமான தொப்பிகளுக்குள் உள்ளுறையாகத் தொடங்கிய நெளிதாள், கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றி, இருபுறமும் தாள் ஒட்டப்பெற்று, பெட்டியாக உயர்ந்து, இன்று மாம்பழத்தையும் மடிக்கணினியையும் ஒருங்கே சுமக்கும் வரலாற்றை முழங்கினேன். முத்தாய்ப்பான சொல்லுக்கு மேசையை ஓங்கித் தட்டுவது நான் பெற்ற பயிற்சி. “வலிமை!” என்று தட்டினேன். மேசையின் வலப்பக்கம் மெல்ல அமிழ்ந்தது.

எஞ்சிய உரை முழுவதையும், அதை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடியே நிகழ்த்தினேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. முன்வரிசையிலிருந்து நண்பன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

“கருத்து பிரமாதம் தம்பி. ஆனா மேசையைத் தட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவையாவது கையை எடுத்திருக்கலாமே? சிலை மாதிரி நின்னுட்டீங்க,” என்றார் நடுவர். எனக்கு இரண்டாமிடம். காற்றைக் கையால் வெட்டி வெட்டிப் பேசிய ஒருவர் மாவட்டத்துக்குத் தேர்வானார்.

மாலை, ஊரப்பாக்கம் ரயில் நிலையம். நண்பன் மேசையைத் தட்டையாக மடித்து நடைமேடையில் போட்டு உட்கார்ந்தான்.

“உட்காரு மச்சான். காஞ்சிடுச்சு. இப்போ கல்லு மாதிரி இருக்கு.”

“காலைல இருந்திருக்கணும்டா அது!”

“அதான் இப்போ இருக்கே.”

வேறு இருக்கை காலியில்லை. உட்கார்ந்தேன். தாம்பரம் வண்டி வரும்வரை அது எங்கள் இருவரையும் கொஞ்சமும் அமுங்காமல் சுமந்தது.