மஞ்சள் ஒயருக்கு இடமில்லாத டிவி

என் அண்ணிக்கு வீடியோ கேம் ஆடத் தெரியும் என்றால் யாரும் நம்புவதில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சீருடையும் ஆஸ்பத்திரிச் சீருடையும் தைத்தவர், ஐம்பத்தேழு வயது, அவராவது கார் ரேஸ் ஓட்டுவதாவது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மகன் பத்தாவது படிக்கும்போது, பரீட்சை முடியும்வரை தொடக்கூடாது என்று கேம் பெட்டியைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தவர் அவர்தான். மத்தியானம் தையலுக்கு நடுவே அதை இறக்கி வைத்து ஓட்டிப் பழகியவரும் அவர்தான். பரீட்சை முடிந்து பையன் பார்த்தால், அவன் வைத்திருந்த ரெக்கார்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

"யாரும்மா இதைத் தொட்டது?"

"எலி ஏறியிருக்கும்" என்றாராம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நான் அவருடைய நாத்தனார். பொத்தான், நூல், ஜிப் விற்கும் கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். அண்ணன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில். சண்டை வராதா என்று கேட்பார்கள். ஏன் வராது, தினமும் வரும். சண்டை இல்லாத நாளில்தான் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அப்படி ஒரு நாள்தான் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் ஓரளவு தேறியது, வலது கை மட்டும் மடங்கிப் போய்விட்டது. ஒரு தையல்காரிக்கு வலது கை! வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "முதல் ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள விரலுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறீங்களோ அவ்வளவு திரும்ப வரும். அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அண்ணி இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் பந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. "இதை அமுக்கி எனக்கு என்ன ஆகப்போகுது? கத்திரி பிடிக்கணும். அதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லு."

பிறகு ஒரு மத்தியானம் அவரே அந்தப் பழைய கேம் பெட்டியை எடுக்கச் சொன்னார். வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கார் ஓடும், விட்டால் நின்றுவிடும். முதலில் விரலை இடது கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முழுக்க விரல் விலகாமல் ஓட்டினார். பிசியோதெரபி அம்மா கைதட்டினார். "அடுத்த மாசம் கத்திரியைக் கையில கொடுத்துப் பார்ப்போம்" என்றார். அன்று அண்ணி என்னோடு சண்டையே போடவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் மகனுக்கு அம்மா மேல் பாசம் பொங்கியது. வெளியூரில் வேலை. இரண்டு நாள் லீவில் வந்தான், சுவர் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டினான். பழைய குண்டு டிவியைக் கடைக்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் நல்லது செய்யும்போது மட்டும் நம்மைக் கேட்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

அவன் பஸ் ஏறின பிறகுதான் கேம் பெட்டியை எடுத்தோம். அதிலிருந்து மூன்று ஒயர் வரும்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சளில் படம், மற்ற இரண்டில் சத்தம். நான் டிவிக்குப் பின்னால் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு, தள்ளி வெள்ளை, இன்னொரு சிவப்பு. மஞ்சள் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். நிறம் பார்த்துப் பிழைக்கிறவள் நான். ஒரு துணியைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போய் அதே நிறத்து நூலை எடுத்து வருவேன்.

"மஞ்சளுக்கு இடமே இல்ல அண்ணி. இந்த டிவில இது ஓடாது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மறுநாள் டிவி வாங்கிய கடைக்குப் போய் அதையே சொன்னேன். டை கட்டிய ஒருவர் பாதி கேட்பதற்குள் தலையாட்டினார். "கன்வெர்ட்டர் வேணும் மேடம்" என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றைத் தலையில் கட்டினார். வீட்டில் மாட்டினால் டிவி 'சிக்னல் இல்லை' என்றது. வீடியோ காலில் பையனிடம் காட்டினேன்.

"அத்தை, இது புது மெஷினைப் பழைய டிவியில மாட்டுறதுக்கு. நமக்கு வேணும்ங்கிறது தலைகீழ்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலைக்கலாமே! திரும்பக் கொண்டுபோனால், பிரித்த பெட்டியை வாங்க மாட்டார்களாம். "பிரிக்காம எப்படிங்க மாட்டிப் பார்க்கிறது? வாயால ஊதியா?" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். டைக்காரர் கையை விரித்தார். "அவ்ளோ பழைய கேமை இன்னும் யார் மேடம் ஆடுறாங்க?" என்று ஒரு சிரிப்பு வேறு. என் அண்ணி ஆடுகிறார் ஐயா, அவருடைய கை அதில் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். அழுகை முட்டியதால் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம்.

பையன் ஒரு ஒயர் வரவழைத்து அனுப்பினான். ஒரு பக்கம் மூன்று நிறம், மறுபக்கம் புது டிவிக்கான தட்டை முனை. பத்து நாள் கழித்து வந்தது. மாட்டினால் அதுவும் 'சிக்னல் இல்லை'. வெறும் ஒயர் படத்தை மாற்றாதாம், நடுவில் கரண்டில் ஓடும் பெட்டி இருக்க வேண்டுமாம், அவன் அப்புறம்தான் படித்தானாம். வேலைக்காகாத ஒன்றை இவ்வளவு அழகாகச் செய்து விற்கிறார்களே, ராத்திரி தூக்கம் வருமா இவர்களுக்கு? "அம்மாவுக்குப் போன்ல வேற கேம் போட்டுத் தரேன்" என்றான். தடவுகிற கண்ணாடியில் என்னத்தை அழுத்துவது? பிசியோதெரபி அம்மா வந்து விரலைப் பிடித்துப் பார்த்தார். கத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே கார் இரைகிற சத்தம். உள்ளே ஓடினேன். டிவி சுவரிலிருந்து ஒரு பக்கம் இழுபட்டு நின்றது. கைத்தடி தரையில் கிடந்தது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், திரையில் கார் ஓடிக்கொண்டிருந்தது, கறுப்பு வெள்ளையில்.

"தடி இல்லாம நின்னீங்களா? விழுந்திருந்தா? இது எப்படி வந்துச்சு?"

"பச்சைல சொருகினேன்."

"மஞ்சளையா? பச்சைலயா?"

"நீ நிறம் பார்த்த. நான் அளவு பார்த்தேன். எல்லா ஓட்டையும் ஒரே அளவு. ஒவ்வொண்ணா சொருகிப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பச்சைக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் 'வீடியோ' என்று ஆங்கிலத்தில் இருந்தது, கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே. பச்சை ஒயருக்கும் மஞ்சள் ஒயருக்கும் ஒரே ஓட்டை! எந்தப் புண்ணியவானுக்கு இந்த யோசனை வந்ததோ, அவன் நன்றாக இருக்கட்டும். ரிமோட்டில் தேடி 'ஏவி' என்பதை அழுத்தினேன். திரையில் நிறம் வந்தது.

"அடிப்பாவி, வளைவுல இருக்கேன், இப்போ போய் மாத்துறியே!"

கார் மெதுவாகி நடுரோட்டில் நின்றது. நான் மாற்றியதால் என்றுதான் நினைத்தேன். அண்ணி இடது கையால் வலது கட்டைவிரலை எடுத்துப் பொத்தான் மேல் வைத்தார். கார் கிளம்பியது, இரண்டாவது வளைவில் மறுபடி நின்றது. விரல் தானாக நழுவியிருந்தது. போன மாதம் முழுச் சுற்று ஓட்டிய விரல்.

"நாளைக்கே போறேன் அந்தக் கடைக்கு. அவன் விற்ற டிவி, அவனுக்கே அதுல என்ன இருக்குன்னு தெரியல. டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்கலைன்னா பாருங்க!"

"எத்தனை நாள் ஆச்சு?" என்றார் அண்ணி, திரையைப் பார்த்தபடி.

"இருபத்திரண்டு நாள்."

"ம்."

அவ்வளவுதான். கடைக்காரரிடம், பையனிடம், ஊரெல்லாம் மஞ்சளுக்கு இடமில்லை என்று சொல்லி வந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஆறு மாதத்தில் இருபத்திரண்டு நாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி விரலை எடுத்து மறுபடியும் பொத்தான் மேல் வைத்தார்.

"தள்ளி உட்காரு" என்றார். "ரோடு மறைக்குது."