வீட்டு போனுக்கு அப்பா போட்ட நிபந்தனை

என் அப்பா ராஜதுரை சங்கரன்கோவிலில் மோட்டார், குழாய் சாமான் கடை வைத்திருக்கிறார். எதையும் பத்து நிமிடத்தில் முடிவு செய்கிற ஆள். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு இன்டர்நெட் போன் எடுக்க இரண்டு மாதம் இழுத்தடித்தார். பழைய கம்பி லைனை நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தும் அசையவில்லை.

அம்மா ஞானபூரணத்துக்கு ஒரே கவலைதான், நம்பர் மாறக் கூடாது. அண்ணன் ஜோஷ்வாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். ஆறு வருடத்துக்கு முன், பிளஸ் டூவில் தவறியதற்காக அப்பா அவனைக் குழாயால் அடித்தார். மறுநாள் காலையில் அவன் வீட்டில் இல்லை. ராயகிரி முதல் சென்னை வரை தேடிப் பார்த்தோம். அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டாள். எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவள் வீடு திரும்பிய பிறகு அந்த அழைப்பு வரத் தொடங்கியது. சனிக்கிழமை மாலை நானும் அம்மாவும் ஜெபம் முடித்து எழுந்திருக்கும்போது போன் அடிக்கும். எடுத்தால் பேச்சே இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். "ஜோஷ்வா, சாப்பிட்டியாலே?" என்பாள் அம்மா. ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள். போனை வைத்ததும் தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிடுவாள். எனக்கு அந்த மூச்சைக் கேட்கவே பயம். உயிரோடு இருக்கிறவன் ஒரு வார்த்தைகூடவா பேசமாட்டான்? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் அப்பா ஒரு சேவையைப் பிடித்தார். அதில் பழைய நம்பரே வரும். கட்டணம், வேகம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. இணைப்புக் கொடுக்க வந்த முகம்மது சாதிக்கிடம் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"நம்பர் காட்டுத போன் வேண்டாம் தம்பி. பழைய போனையே அந்த இன்டர்நெட் பெட்டியில மாட்டிரு."

"இந்தக் காலத்துல யாரு அண்ணாச்சி இப்படிக் கேக்கா?" என்று சிரித்துக்கொண்டே சாதிக் மாட்டினார். அப்பா கடைக்குக் கிளம்பியதும் என் மொபைலிலும் ஒரு ஆப் போட்டுத் தந்தார். "வீட்டு நம்பருக்கு யாரு கூப்பிட்டாலும் இதுலயும் அடிக்கும்மா. நீங்க வெளியூர்ல இருந்தாலும் எடுக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை ஜெபம் முடிந்தது. வீட்டு போன் அடித்தது. கூடவே என் கையில் மொபைலும் அடித்தது. திரையில் 'அப்பா கடை' என்றிருந்தது.

அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். அதற்குள் அம்மா போனை எடுத்துவிட்டாள். மொபைலைத் தலையணைக்கு அடியில் திணித்தேன். இத்தனை நாள் செத்தவனுடைய மூச்சோ என்று நான் பயந்தது அப்பாவின் மூச்சு. அப்படியென்றால் அண்ணன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அம்மா பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா மேல இன்னும் கோவமாலே? அவ்வொளும் நொந்துபோய்த்தான் கெடக்காவ. மன்னிச்சிரு மக்கா."

பிறகு போனைக் காதோடு அழுத்தி வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அப்பா கடையை அடைத்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அம்மா சோறு போட்டாள்.

"இன்னைக்கு ஜோஷ்வா அழுதான் பாத்துக்கிடுங்க. ஒருநாளும் அழாதவன் ஏங்கி ஏங்கி அழுதான். உங்கள மன்னிச்சிட்டான்னு நெனைக்கேன்."

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியா நெனைக்கே?" என்று கேட்டார்.